மஞ்சள் பையில் போன பிள்ளை

காலை ஒன்பதே முக்கால் மணிக்கு அந்தச் செவிலியர் பெண் என்னிடம் சொன்னாள்: "அது டிஸ்போசலுக்குப் போயிருச்சுங்களே மேடம்."

அஸ்தம்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாவது மாடி. என் மகள் நஸ்ரினைப் பிரசவ அறையிலிருந்து தனி அறைக்கு அப்போதுதான் மாற்றியிருந்தார்கள். ஐந்து மாதம் முடிந்த கர்ப்பம். குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டது என்று முந்தின நாள் ஸ்கேனில் தெரிந்து, மருந்து கொடுத்துப் பிரசவிக்க வைத்தார்கள். ஆண் குழந்தை. நான் துணிக்கடை திறக்கும் வரை வாசலில் நின்று, வெள்ளைத் துணி வாங்கிக்கொண்டு மேலே வந்திருந்தேன். குழந்தையைக் கழுவி, அந்தத் துணியில் சுற்றி, அடக்கம் செய்ய வேண்டும். குழந்தை எங்கே என்று கேட்டதற்கு வந்த பதில்தான் அது.

"போயிருச்சுன்னா? எங்க போச்சு?"

"வேஸ்ட் வண்டி வந்துச்சுங்க மேடம். அதுல ஏத்திட்டாங்க."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். மாத்திரை தீர்ந்துவிட்டது, கீழே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வாள் அல்லவா, அதே குரலில்.

எங்கள் சங்கத்து மலருக்கு ஓய்வு பெற்ற செவிலியர்களிடம் அனுபவம் கேட்டு வாங்குகிறார்கள். என்னோடு கடைசியாகப் பணியாற்றிய தங்கை ஒருத்தி, "ஜாலியா நாலு நினைவு எழுதுங்கக்கா, எல்லாரும் ரசிப்பாங்க" என்று போனில் சொன்னாள். மன்னிக்க வேண்டும். ரசிக்கிற மாதிரி எழுத என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை. என் மகள் குளியலறைக்குள் போனால் நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். தண்ணீர் விழும் சத்தம் கொஞ்சம் நின்றால் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். இந்த நிலையில் இருக்கிற ஒருத்தி என்ன எழுதுவாளோ அதைத்தான் எழுதுகிறேன்.

சேலத்தில் நர்சிங் படித்தேன். விடுதி, பரீட்சை, சீருடை எல்லாம் எல்லோருக்கும் நடந்ததுதான். வேலை கிடைத்து, நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்குப் போனேன். அதன் பிறகு எத்தனையோ இடமாறுதல் வந்தும், சுற்றிச் சுற்றிப் பிரசவ வார்டிலேயே விழுந்தேன். முழங்கால் ஒத்துழைக்காமல் சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு வாங்கினேன். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஏதாவது உண்டென்றால், அதில் பாதி பழனியம்மாள் சிஸ்டர் என்ற ஒரே ஆளிடமிருந்து வந்தது.

முதல் வார்டில் அவர்தான் எங்கள் தலைமைச் செவிலியர். திருச்செங்கோட்டுப் பக்கம் பண்ணையக் குடும்பம். குரலை உயர்த்த மாட்டார். கூட்டுகிற அம்மாளுக்கும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். ஆனால் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் நாங்களெல்லாம் செய்கிற வேலையை இன்னொரு தடவை சரிபார்ப்போம். தப்புக் கண்டுபிடித்தால் திட்ட மாட்டார். "இத இன்னொருக்கா செஞ்சு காட்டுங்கம்மிணி" என்பார். செய்து முடிக்கும் வரை நகராமல் நிற்பார். அதைவிட நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

இறந்து பிறக்கும் குழந்தைகளுக்கு என்று அவரிடம் ஒரு முறை இருந்தது. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, கிண்ணத்திலோ தட்டிலோ விடக் கூடாது. கொதிநீராவியில் சுத்தம் செய்த துணியில் ஒரு துண்டு கிழித்து, உயிரோடு பிறந்த பிள்ளைக்குச் சுற்றுகிற மாதிரியே சுற்ற வேண்டும். முகத்தை மூடக் கூடாது. தாயிடம் பார்க்கிறாயா என்று ஒரு தடவை கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, அழுகை அடங்கின பிறகு மறுபடியும் கேட்க வேண்டும். அப்புறம் வெளியே நிற்கும் குடும்பத்தாரிடம் போக வேண்டும்.

அங்கே போய்க் கேட்கிற கேள்வியையும் அவரே முடிவு செய்து வைத்திருந்தார். நான் ஒரு முறை ஒரு தகப்பனிடம், "குழந்தைய எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு, "வேண்டாமுங்க, நீங்களே பாத்துக்கங்க" என்றார். பழனியம்மாள் சிஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி சபியா, அப்படிக் கேட்டா அவங்க வேற என்ன சொல்லுவாங்க? ஆசுபத்திரிக்காரங்க கேக்கறாங்கன்னாலே நம்ம சனத்துக்குப் பயம். எடுத்துட்டுப் போனாத் தப்போ, கேசு ஆகுமோன்னு நெனைப்பாங்க. 'எங்க கொண்டு போறீங்க'ன்னு கேளுங்க. அப்பத்தான் அது அவங்க பிள்ளைன்னு அவங்களுக்கு நெனப்பு வரும். போங்க, இன்னொருக்கா கேட்டுட்டு வாங்க."

போய்க் கேட்டேன். அந்த ஆள், "எங்க தோட்டத்துல தென்னம்புள்ளைக்குப் பக்கத்துல வெக்கறமுங்க" என்று சொல்லி, துண்டை விரித்து வாங்கிக்கொண்டார். அவர் முஸ்லிம் அல்ல. இந்தப் பக்கத்தில் குழந்தையை எரிக்கிற வழக்கம் யாருக்கும் கிடையாது. கவுண்டர் வீட்டுப் பிள்ளையானாலும் ராவுத்தர் வீட்டுப் பிள்ளையானாலும் மண்ணில்தான் வைக்கிறார்கள். நாங்கள் ஏதோ தனிச் சலுகை கேட்டதாக அஸ்தம்பட்டியில் பேசினார்களே, அவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அந்த வார்டில் நடந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிற ஒரு பெண், மெகராஜ் என்று பேர், ஆறாம் மாதம் வலி வந்து சேர்ந்தாள். கணவன் ரிக் லாரியோடு வடக்கே எங்கோ ஆழ்துளைப் போர் போடப் போயிருந்தான். குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். கடைசி வலியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் சீருடையில் குத்தியிருந்த பேரைப் பார்த்து, நானும் முஸ்லிம் என்று தெரிந்துகொண்டிருப்பாள் போலிருக்கிறது.

"அக்கா, கொடிய ரொம்பக் குட்டையா வெட்டிராதீங்க."

எனக்குப் புரியவில்லை. "ஏம்மா?"

"அதப் புடிச்சுத்தான என்னை இழுத்துட்டுப் போகணும்."

இதை மற்றச் சகோதரிகளுக்குச் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் நான்கு மாதம் ஆகும்போது குழந்தைக்கு ரூஹு, அதாவது உயிர், ஊதப்படுகிறது என்பது எங்கள் நம்பிக்கை. அதற்குப் பிறகு அது ஒரு ஆள். மூச்சு விடாமல் பிறந்தாலும் அதற்குப் பேர் வைக்க வேண்டும். உலகம் முடிந்து எல்லோரும் எழுப்பப்படுகிற மறுமை நாளில் அந்தப் பேரைச் சொல்லித்தான் அது கூப்பிடப்படும். கபருக்குள், அதாவது அடக்கக் குழிக்குள், வைத்த பெரியவர்களிடம் இரண்டு மலக்குகள், வானவர்கள், வந்து, உன் இறைவன் யார், நீ எப்படி வாழ்ந்தாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி குழந்தைக்குக் கிடையாது. அது கணக்கு வழக்கு இல்லாத பிறவி. ஆனால் சுவர்க்கத்தின் வாசலில் போய் நின்றுகொண்டு, அத்தாவும் அம்மாவும் வராமல் உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடிக்குமாம். பொறுமையாக இருந்த தாயைத் தன் தொப்புள்கொடியாலேயே இழுத்துக்கொண்டு போகுமாம். மெகராஜ் பெண்களுக்கான பயானில், மார்க்கச் சொற்பொழிவில், கேட்டிருக்கிறாள். கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் பழனியம்மாள் சிஸ்டரைப் பார்த்தேன். அவருக்கு இதில் எதுவும் தெரியாது. "என்னவாம்?" என்றார். சொன்னேன். என் கையிலிருந்த கிளாம்ப்பை வாங்கி, குழந்தையின் வயிற்றுப் பக்கம் போடாமல், தள்ளி, நஞ்சுக்கொடியின் ஓரத்தில் போட்டு வெட்டினார். தொப்புள்கொடி முழுவதும் குழந்தையோடு வந்தது. அப்போது பணியிலிருந்த டாக்டர் சின்னப் பையன். எட்டிப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர் இது, இவ்வளவு நீளம் விட்டிருக்கீங்க?"

"அந்தப் புள்ளைக்கு வேணுமாமுங்க டாக்டர்."

"எதுக்கு?"

"நமக்கு அதுல என்னங்க நட்டம்?"

டாக்டர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். சிஸ்டர் அந்தக் கொடியைச் சுருட்டி, குழந்தையின் கைக்குப் பக்கத்தில் வைத்துத் துணியைச் சுற்றினார். வெளியே மெகராஜின் மாமனார் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேட்டதும், பள்ளிபாளையம் கபர்ஸ்தான் என்று சொல்லிக் கூடையை நீட்டினார்.

"கூடையில வேண்டாமுங்க," என்றார் சிஸ்டர். "கையில வெச்சுக்கங்க. தூங்கற கொளந்தையாட்டத் தோள்ல போட்டுக்கங்க. கண்டக்டரு ஒண்ணும் கேக்க மாட்டான்."

அப்படியே அந்த மனிதர் பஸ்ஸுக்குப் போனார். இது நடந்தது கொசு கடிக்கிற, இரண்டு பேருக்கு ஒரு கட்டில் போட்ட ஒரு அரசு மருத்துவமனையில். ஏசி போட்ட, கண்ணாடிக் கதவு வைத்த, வாசலில் வணக்கம் சொல்ல ஆள் நிறுத்திய இடத்தில் என் பேரனைக் குப்பை வண்டியில் ஏற்றினார்கள்.

நான் சொல்லாமல் விடவில்லை. சேர்த்த அன்றே, பணியிலிருந்த செவிலியரிடம், "நான் நர்ஸ்தான்மா, பிறந்ததும் குழந்தைய எங்ககிட்டக் குடுத்துருங்க, நாங்க அடக்கம் பண்ணணும்" என்று தெளிவாகச் சொன்னேன். அவள் சரிங்க மேடம் என்றாள். காலையில் ஷிஃப்ட் மாறியது. ஒரு ஷிஃப்ட் இன்னொரு ஷிஃப்ட்டிடம் ஒப்படைக்கும்போது மருந்தின் பேரும் ரத்த அழுத்தமும் சொன்னார்கள். பிள்ளையைச் சொல்லவில்லை. புதிதாக வந்தவள் நேராக என் மருமகனிடம் போயிருக்கிறாள்.

அஷ்ரப் நல்ல பையன். சேலத்தில் ஒரு வண்டி ஷோரூமில் கணக்கு பார்க்கிறான். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். முகம் வெளுத்துவிட்டது.

"எங்கிட்டக் கேட்டாங்க மாமி. 'நாங்களே டிஸ்போஸ் பண்ணிரலாங்களா சார்'னு. ரத்தம், துணி, அதச் சொல்றாங்கன்னு நெனச்சேன். சரிங்க, பண்ணிருங்கன்னுட்டேன்."

"குழந்தைய எங்கன்னு நீ கேக்கலியா தம்பி?"

"அஞ்சு மாசத்துக்கெல்லாம் கபரு உண்டுன்னு எனக்குத் தெரியாதுங்க மாமி. ஆரும் சொன்னதே இல்லையே."

அவனைத் திட்ட வாயெடுத்தேன். திட்ட முடியவில்லை, அவன் சொன்னது உண்மை. என் வீட்டுக்காரர் மௌத்தானபோது ஊரே திரண்டு வந்தது. கற்பூரம் கலந்த தண்ணீர், மூன்று துண்டுக் கபன் துணி, சந்தூக்கைத் தூக்க நான் நீ என்று தோள்கள், குழிக்குள் ஆளுக்கு மூன்று பிடி மண். சின்னப் பையன்கள்கூட எதற்குப் பிறகு எது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். ஆனால் இறந்து பிறக்கும் பிள்ளைக்குத் தொழுகை கிடையாது. பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்புக் கிடையாது. பாத்திஹா ஓதுவதும் கிடையாது. தகப்பனோ பாட்டனாரோ சத்தமில்லாமல் எடுத்துப் போய் வைத்துவிட்டு வருவார்கள். பெண்களுக்குள் மட்டும் பேச்சு இருக்கும். பயான் மேடையில் கபரின் வேதனையை மணிக்கணக்காகச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள், உன் பிள்ளை இப்படிப் பிறந்தால் நீ கையை நீட்டி வாங்க வேண்டும் என்று ஒரு கல்யாண மாப்பிள்ளைக்கும் சொல்வதில்லை. எனக்கு அவர்கள் மேலும் கோபம்தான்.

உடல் கழிவுகளைப் போடுகிற அந்த மஞ்சள் பை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ நஞ்சுக்கொடியை நானே அதில் போட்டுக் கட்டியிருக்கிறேன். வண்டி ஒவ்வொரு மருத்துவமனையாக நின்று எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கிற ஆலைக்குப் போகும். அங்கே உலையில் போட்டு எரிப்பார்கள். இறந்த உடலும் நோகும் என்று நம்புகிற வீடு எங்களுடையது. குளிப்பாட்டும்போது மூட்டுகளை அழுத்தி மடக்காதே, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று சொல்கிற வீடு. எங்களுக்கு நெருப்பு என்றால் அது நரகத்தின் பேர். என் மகளிடம் போய், உன் பிள்ளையை நெருப்பில் போட்டுவிட்டார்கள் என்று நான் எப்படிச் சொல்வது?

கீழே மேனேஜரைப் பிடித்தேன். முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப் கம்ப்யூட்டர்.

"வண்டிக்குப் போன் பண்ணி நிறுத்துங்க."

"அது சிஸ்டத்துல ஏறிருச்சுங்க மேடம். பார்கோடு ஒட்டி, எடை போட்டு, அவங்க ஸ்கேன் பண்ணி எடுத்துட்டாங்க. இனி எங்க கஸ்டடில இல்ல."

"எடை போட்டீங்களா? தனியாவா, மத்ததோட சேத்தா?"

அவர் டேப்பைப் புரட்டினார்.

"டிரைவர் நம்பர் குடுங்க. நானே பேசறேன்."

"அதெல்லாம் வெளிய குடுக்க முடியாதுங்க. ஒரு ரெக்வெஸ்ட் எழுதிக் குடுங்க, மேலிடத்துல கேட்டுச் சொல்றோம்."

"நீங்க கேட்டுச் சொல்றதுக்குள்ள அது உலைக்குள்ள போயிரும் தம்பி."

இதற்குள் அஷ்ரப்பின் பெரியத்தா, அவன் தகப்பனாரின் அண்ணன், காதர் வந்துவிட்டார். பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர். நாலு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்ப்பதை அவர்தான் முதலில் கவனித்தார். என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. நம்மாளுக ஆஸ்பத்திரில ரகளைன்னு வீடியோ போட்டுருவாங்க. இன்னைக்கு இருக்கற நெலமை உங்களுக்குத் தெரியாததா?"

"நான் கத்தலியே அண்ணே. எம்பேரனக் குடுங்கன்னு கேக்கறேன்."

"அதுக்குத் தொழுகையே இல்லம்மா. அல்லா சாம்பல்ல இருந்துகூட எழுப்புவான். எதுக்கு இவ்வளவு அலைச்சல்? புள்ளை ஒடம்பப் பாருங்க, அது போதும்."

"எழுப்புவான் அண்ணே. அதுல எனக்குச் சந்தேகமில்ல. எங்க வீட்டுக்காரர் மௌத்தானப்ப, அல்லா எப்படியும் எழுப்புவான்னு கபரு தோண்டாம உட்டீங்களா? நீங்கதான முன்னால நின்னு ஆழம் பத்தாது, இன்னும் தோண்டுன்னீங்க?"

அவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். அல்லாவால் முடியும் என்பது எங்கள் ஈமான், அசையாத நம்பிக்கை. அதை எடுத்துத் தங்கள் சோம்பலுக்குப் போர்த்திக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. மனிதன் செய்ய வேண்டியதை மனிதன் செய்துவிட்டுத்தான் மிச்சத்தை அவனிடம் விட வேண்டும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை. இப்போது எழுதுகிறேன், அவர் படிக்கட்டும்.

மேலே ஓடினேன். பெரிய டாக்டரம்மா ஒரு சிசேரியனில் இருந்தார். தியேட்டர் கதவுக்கு வெளியே நின்றேன். உட்காருங்கள் என்று யாரோ சொன்னார்கள், உட்காரவில்லை. இடையில் அறைக்குப் போய் நஸ்ரினை எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று திரும்பியபோது கேட்டாள்.

"அம்மா, மண்ணுல வெச்சாச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"பேரு யஹ்யான்னுதான் வைக்கணும். அவருகிட்டச் சொல்லியிருக்கேன். கழுவும்போது பேரச் சொல்லிக் கழுவுங்கம்மா."

"சரிம்மா."

அதற்கு மேல் அங்கே நின்றால் என் முகமே அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். வெளியே வந்தேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். என்னைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். களைத்துப் போயிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நீங்களே நர்ஸ்னு சொல்றீங்க. இத்தனை வாரக் கர்ப்பத்துல வர்றது எந்தக் கேட்டகரின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்க டாக்டர். மஞ்சள் பை. பெத்தவங்க கேட்டாக் குடுக்கக் கூடாதுன்னு அதுல எங்க எழுதியிருக்குது, அத மட்டும் காட்டுங்க."

"உங்க மருமகன் ஓகே சொல்லியிருக்காரே."

"அவரு ரத்தத் துணிக்கு ஓகே சொன்னாருங்க. மகனுக்குச் சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். "கெடைச்சாலும் நீங்க பாக்கற மாதிரி இருக்காதும்மா. எதுக்கு அந்த வேதனை?"

"பாக்கறதுக்குக் கேக்கலீங்க. மண்ணுல வெக்கக் கேக்கறேன். ஆபரேஷன்ல நீங்க வெட்டி எடுக்கற கையி, காலையெல்லாம் திருப்பிக் கேக்கலீங்களே டாக்டர். எங்க வீட்டு ஆளக் கேக்கறேன். உள்ள படுத்திருக்கறவ பேரு வெச்சுட்டுக் கேட்டுட்டு இருக்கறா. அவகிட்ட நீங்க வந்து சொல்லுங்க, எரிச்சுட்டோம்னு. நான் சொல்ல மாட்டேன்."

அந்த வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். டாக்டர் அந்தத் துணியைப் பார்த்தார். பிறகு மேனேஜரை மேலே வரச் சொல்லி, அவர் எதிரிலேயே டிரைவருக்குப் போன் போட வைத்து, தானே வாங்கிப் பேசினார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. வண்டி ஊரைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

"மஞ்சப் பை நெறைய இருக்குதுங்களே மேடம். எதுன்னு கண்டுபுடிக்கறது?" என்றது அந்தக் குரல்.

"பார்கோடு நம்பர் சொல்றேன், பாருங்க. பாத்துட்டுத் திரும்பி வாங்க. ஆலைக்கு நான் பேசிக்கறேன்."

"என்னங்க மேடம் அதுல? போலீஸ்காரங்க கேக்கறாங்களா?"

டாக்டர் போனை இன்னும் பக்கத்தில் பிடித்தார். "குழந்தைப்பா," என்றார்.

மறுமுனையில் வண்டி ஓரம் கட்டி நிற்கும் சத்தம் கேட்டது. அரை மணிக்கு முன்னால், எங்கள் கையில் இல்லை என்று சொன்ன மேனேஜர், அதே டேப்பைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு நிமிட வேலை. கேட்ட உடனே செய்திருக்கலாம்.

அதன் பிறகு காத்திருந்தோம். காதர் அண்ணன் என் பக்கம் வராமல் ஜன்னலோரம் நின்று, பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "சின்னதுதான் மோதினாரே, ஆனா ஆழமாத் தோண்டுங்க, நாய் கீய் பறிச்சுரக் கூடாது" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அஷ்ரப் கீழே போய் வாளியும் தண்ணீர்க் குடமும் வாங்கிவந்தான். பிணவறைக்குப் பக்கத்தில் கழுவுவதற்கு ஒரு சின்ன இடத்தை டாக்டர் திறந்துவிடச் சொன்னார். அந்தச் செவிலியர் பெண் ஒரு முறை என் அருகில் வந்து, "சாரிங்க மேடம், எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. சொல்லிக் கொடுத்தவர்கள் மேல் இருக்கிறது. பணியில் இருக்கிற தங்கைகளே, இதைப் படித்தால் உங்கள் வார்டில் என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். பைக்கு நிறம் பிரித்தது தொற்று பரவாமல் இருக்க. தாயிடம் கேட்காமல் இருக்க அல்ல.

மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடித்த நேரத்தில் வண்டி பின்வாசலில் வந்து நின்றது. ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் நாங்கள் நின்றிருந்தோம். டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். காக்கிச் சட்டை, முழங்கை வரை ரப்பர் கையுறை. இறங்கினவர் பின்கதவுக்குப் போகவில்லை. சுற்றி வந்து, முன்னால் இடது பக்கக் கதவைத் திறந்தார். இருக்கையில் தன் துண்டை விரித்து, அதன் மேல் பையை வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

கையுறையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் செருகிவிட்டு, இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். அஷ்ரப் முன்னால் வந்து கைகளை நீட்டி வாங்கிக்கொண்டான். நான் வெள்ளைத் துணியை அதன் மேல் போட்டு மூடினேன். பையில் ஒட்டியிருந்த பார்கோடு துணிக்குள் மறைந்தது.

"ரொம்ப நன்றிங்கண்ணா," என்றேன். 

அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மேனேஜரையோ டாக்டரையோ பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்:

"வாரா வாரம் இப்படி ஒண்ணு ரெண்டு வருமுங்கம்மிணி. திருப்பிக் கேட்டது நீங்கதான் மொத ஆளுங்க."